கற்பவர் கையில் முடிச்சு விழுந்ததா?

கூரையிலிருந்து தொங்கும் பல்பு ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தால் மூடிக்குள் வயரில் ஒரு முடிச்சு இருக்க வேண்டும். இரட்டை வயரின் நுனியைப் பிரித்து, இரண்டு இழைகளிலும் வளையமிட்டு, ஒன்றின் நுனியை மற்றதன் வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் விழும் முடிச்சு அது. வயரை யாராவது பிடித்து இழுத்தாலும் அந்த இழுப்பு திருகாணியில் மாட்டியிருக்கும் செம்புக் கம்பி வரை போகாது, முடிச்சோடு நின்றுவிடும். அவசரத்தில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் இதைப் போடாமல் விடுவதும் உண்டு. அது வேறு கதை.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் தொழிற்சாலை ஃபோர்மேன்களுக்கு, ஒரு வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதை இந்த முடிச்சை வைத்துத்தான் கற்பித்தார்கள். 1940இல் அந்நாட்டு அரசு தொடங்கிய திட்டம் அது. பெயர் ‘டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’. போருக்குப் போன தொழிலாளர்களின் இடத்துக்குப் புதியவர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் தேற்றியாக வேண்டும். திட்டத்தின் ஒரு பகுதியான பணி கற்பிக்கும் பயிற்சி மொத்தம் பத்து மணி நேரம்: இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள். 1945இல் திட்டத்தை மூடும்போது அதன் பல்வேறு பயிற்சிகளை முடித்தவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவின் தொழிற்கூடங்களில் வேர்விட்டது.

முதல் அமர்வில் பயிற்சியாளர் ஒருவரை முன்னே அழைத்து, முடிச்சு போடும் விதத்தை வாயால் மட்டும் சொல்வார். சொல்வதில் ஒரு பிழையும் இருக்காது, ஆனாலும் வந்தவர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார். அடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். பார்க்கும்போது எளிதாகத்தான் இருக்கும். செய்யச் சொன்னால் வளையம் தலைகீழாகப் போகும். மூன்றாவது தடவைதான் முறையாகக் கற்பிப்பார். கற்பவரைப் பக்கத்தில் சரியான இடத்தில் நிறுத்துவார், ஒவ்வொரு படியாகச் செய்வார், கை எங்கே தவறும் என்பதைத் தனியாக அழுத்திச் சொல்வார், பிறகு வயரை அவர் கையில் கொடுத்துவிடுவார். அவர் போட்டுக் காட்ட வேண்டும், போட்டுக்கொண்டே ஏன் அப்படிப் போடுகிறார் என்று சொல்லவும் வேண்டும். அடுத்த அமர்வுகளில், பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் தன் பட்டறையிலிருந்து ஒரு வேலையைக் கொண்டுவந்து, குழுவில் ஒருவருக்கு எல்லார் முன்னிலையிலும் கற்பிப்பார்.

வகுப்பறைகளில் நடக்கும் செயல்விளக்க உரையை எடைபோட இதைவிடப் பொருத்தமான தராசு எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலை. ஒருவர் முன்னால் வந்து, பொருட்களை மேசையில் பரப்பி, ஒன்றைச் செய்வது எப்படி என்று மற்றவர்களுக்குக் காட்டுகிறார். அமெரிக்கக் கல்லூரிகளின் பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் இது நெடுங்காலமாக இருந்துவரும் வீட்டுப்பாடம். நம்மூர் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் ஆங்கில ஆய்வகங்களிலும் நடக்கிறது. ஐந்து முதல் ஏழு நிமிடம். டை கட்டுவது, காகிதத்தில் கொக்கு மடிப்பது, ரூபிக்ஸ் கியூபின் முதல் அடுக்கைச் சேர்ப்பது, ஃபில்டர் காபி போடுவது என்று தலைப்புகள் வரும். ஆசிரியரின் மதிப்பெண் தாளில் தெளிவான தொடக்கம், வரிசை, குரல், பார்வையாளர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுவது, காட்சிப் பொருட்கள், நேரக் கட்டுப்பாடு, முடிவுரை என்று கட்டங்கள் இருக்கும். பார்த்த யாருக்காவது அந்த வேலை செய்ய வந்ததா என்பதற்கு ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சின்ன நிறை இல்லை. முதன்முதலாக மேடை ஏறும் மாணவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. ‘இணையத்தின் நன்மை தீமைகள்’ பற்றிப் பேச நிற்பவரின் கைகளுக்கு வேலை இருக்காது. அவை பேன்ட் பாக்கெட்டுக்கும் முதுகுக்கும் அலையும். காகிதம் மடிப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அடுத்த வாக்கியம் மறந்தாலும் கையில் இருக்கும் காகிதம் நினைவூட்டும். வகுப்பின் பார்வையும் முகத்தை விட்டுக் கைக்குப் போகும், நடுக்கம் பாதி குறையும். இதைவிட முக்கியமான பலன் தயாரிப்பில் கிடைக்கிறது. பழகிய வேலையைப் படிகளாகப் பிரித்து எழுத உட்காரும்போதுதான், தனக்குத் தெரியும் என்று நினைத்ததில் எவ்வளவு தெரியாது என்று புரியும். 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட், கெய்ல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஜிப், ஃப்ளஷ் டாய்லெட் போன்ற அன்றாடப் பொருட்கள் எப்படி இயங்குகின்றன என்று நன்றாகத் தெரியும் என்றவர்களிடம், அதைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு அவர்களே தங்கள் மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள். செயல்விளக்க உரை அந்த அனுபவத்தை ஒரு மாணவருக்கு இலவசமாகத் தருகிறது.

பேசுபவருக்குக் கிடைப்பது இவ்வளவு. பார்ப்பவருக்குக் கிடைப்பதாகச் சொல்லப்படும் பங்கில்தான் எனக்குத் தகராறு.

ஃபில்டர் காபியையே எடுத்துக்கொள்வோம். மாணவி ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் மூன்று கரண்டி பொடி போடுகிறார். காம்பு வைத்த தட்டால் ‘லேசாக அழுத்த வேண்டும்’ என்கிறார், அழுத்துகிறார். கொதித்த நீரை ஊற்றி மூடுகிறார். ‘டிகாஷன் இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதனால் முன்பே இறக்கியதைக் கொண்டுவந்திருக்கிறேன்’ என்று ஃபிளாஸ்க்கைத் திறக்கிறார். பால், சர்க்கரை, ஒரு ஆற்று, முதல் வரிசைக்கு நாலு கப். கைதட்டல்.

காபி நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் இந்த வேலையின் உயிர் அந்த ‘லேசாக’வில் இருக்கிறது. அதிகம் அழுத்தினால் பொடி இறுகி, நீர் இறங்காமல் மேலேயே நிற்கும். குறைவாக அழுத்தினால் மளமளவென்று இறங்கி, டிகாஷன் கழனித் தண்ணீராகும். பொடி எவ்வளவு நைசாக அரைக்கப்பட்டது, சிக்கரி எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்த அழுத்தமும் மாறும். எவ்வளவு என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, விரலுக்குத்தான் தெரியும். தட்டை ஒருவர் கையில் கொடுத்து, ‘இதோ, இந்த அளவு’ என்று தன் கையை மேலே வைத்துக் காட்டியிருந்தால் ஒருவராவது கற்றிருப்பார். அடுத்தது ஃபிளாஸ்க். டிகாஷன் இறங்கும் கால் மணி நேரத்துக்கு மேலான இடைவெளியில்தான் தவறு வெளியே தெரியும். மேலே நீர் நிற்கிறதா, ஓடிவிட்டதா என்று. தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட இந்த ‘ஏற்கெனவே தயார்’ வித்தை, பார்ப்பவர் நாளைக்கு எங்கே தோற்பாரோ சரியாக அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுகிறது.

அந்தப் போர்க்காலப் பயிற்சியில் இதற்கென்று ஒரு தனி வகை உண்டு. வேலையை முதலில் முக்கியப் படிகளாகப் பிரிப்பார்கள். பிறகு ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் அதன் நுணுக்கத்தை எழுதுவார்கள். எதை நுணுக்கம் என்பது என்பதற்கு அளவுகோலும் உண்டு: வேலையை ஆக்கவோ கெடுக்கவோ கூடியது, செய்பவருக்குக் காயம் உண்டாக்கக்கூடியது, அல்லது கைப்பழக்கமாக வேலையை எளிதாக்குவது. வகுப்பறை உரைகள் அநேகமாக எல்லாமே படிகளை ஒழுங்காகச் சொல்கின்றன. நுணுக்கத்தில்தான் வழுக்குகின்றன. ‘பிறகு மாவைப் பிசைய வேண்டும்’ என்பது படி. எப்போது நிறுத்துவது என்பது நுணுக்கம்.

இன்னொரு சிக்கல், நிற்கும் இடம். டை கட்டவோ புடவைக் கொசுவம் வைக்கவோ வகுப்பைப் பார்த்து நின்று காட்டினால் பேசுபவரின் வலது கை பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும். பார்ப்பவர் ஒவ்வொரு அசைவையும் மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது மடிப்பில் விட்டுவிடுவார். ஒழுங்காகக் கற்பிக்க வேண்டுமென்றால் பேசுபவர் வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், அல்லது கற்பவரைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மேடைப் பேச்சின் இலக்கணத்தில் முதுகைக் காட்டுவது குற்றம், கண்ணைப் பார்க்காததற்கு மதிப்பெண் குறையும். அதாவது கற்பித்தலுக்குச் சரியான ஒரு முடிவை எடுக்கும் மாணவர் பேச்சில் தோற்கிறார். மௌனமும் அப்படித்தான். ஊசியில் நூல் கோக்கும் நேரத்தில் பேசாமல் இருப்பதுதான் பார்ப்பவருக்கு நல்லது. ஆனால் பத்து விநாடி பேச்சு நின்றால் ‘தடுமாற்றம்’ என்று குறிக்கப்படுகிறது. இந்த இடத்தில் மதிப்பெண் தாள் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பார்த்தாலே கொஞ்சமாவது வந்துவிடாதா என்று கேட்கலாம். 2018இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கார்டஸ், ஓ’பிரையன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சங்கடமான பதிலைத் தருகிறது. சாப்பாட்டு மேசையில் தட்டுகள் அப்படியே நிற்க, விரிப்பை மட்டும் வெடுக்கென்று உருவும் வித்தையின் வீடியோவைச் சிலருக்கு ஒரே தடவையும் சிலருக்கு 20 தடவையும் காட்டினார்கள். 20 தடவை பார்த்தவர்களுக்குத் தங்களாலும் முடியும் என்ற நம்பிக்கை ஏறியிருந்தது. டார்ட்ஸ் எறியும் விளையாட்டு, மூன்வாக் நடனம் என்று வெவ்வேறு வேலைகளிலும் இதே போக்குதான். செய்யச் சொன்னபோது திறமை ஏறியிருக்கவில்லை. பந்து வித்தைக்காரர்கள் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் கட்டைகளை வெறுமனே கையில் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னாலே அந்த மிதப்பு இறங்கிவிடுகிறது என்பதையும் கண்டார்கள். கனத்தைக் கை உணர்ந்தால் போதும், மூளை அடங்குகிறது. மென்மையாகவும் சரளமாகவும் நடத்தப்படும் செயல்விளக்க உரை, அப்படியானால், கேட்பவருக்குத் திறமையைத் தராமல் திறமை வந்துவிட்ட எண்ணத்தைத் தருகிறது. உரை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு ஏமாற்றம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. அந்த அளவுக்குப் போக ஆதாரம் இல்லை என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

2004இல் ஹார்வர்டில் எரிக் மஸூரும் சக ஆய்வாளர்களும் இயற்பியல் வகுப்பில் காட்டப்படும் செய்முறைகளை இதே கேள்வியோடு பார்த்தார்கள். செய்முறையைப் பார்க்காத மாணவர்களில் 22 சதவீதம் பேரும், உட்கார்ந்து பார்த்தவர்களில் 24 சதவீதம் பேரும் பின்னர் சரியான விளக்கம் எழுதினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். காட்டுவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று மாணவர்களை ஊகிக்க வைத்தபோது அது 30க்கு ஏறியது. அதற்கு ஓரிரு நிமிடம்தான் கூடுதலாகச் செலவாகும்.

எதிர்வாதத்துக்கு வருவோம். இது பேச்சு வகுப்பு, பட்டறை இல்லை. வரிசைப்படுத்திச் சொல்லப் பழகுவதே நோக்கம், காபி ஒரு சாக்கு என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். இதில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாகப் பயன்படும் ஸ்டீபன் லூகாஸின் ‘தி ஆர்ட் ஆஃப் பப்ளிக் ஸ்பீக்கிங்’ பாடநூலே, ஒரு செயல்முறையைப் பற்றிய உரைகளை இரண்டாகப் பிரிக்கிறது: எப்படி நடக்கிறது என்று கேட்பவர் புரிந்துகொள்ள ஒன்று, அவரே செய்வதற்கு ஒன்று. முதல் வகைக்கு நான் மேலே சொன்ன குற்றச்சாட்டுகள் பெரிதாகப் பொருந்தா. அதற்கு உச்சமான உதாரணம் மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காக அவர் நிகழ்த்திய ஆறு உரைகள், மெழுகுவத்தி ஒன்றைச் சுற்றியே அமைந்தவை. வில்லியம் குரூக்ஸ் அவற்றைப் புத்தகமாகத் தொகுத்தார். மெழுகுவத்தி தயாரிக்க அந்தச் சிறுவர்களுக்கு வர வேண்டும் என்பது ஃபாரடேயின் நோக்கமில்லை. எரிவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஃபாரடேயைத் துணைக்கு அழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அணைத்த மெழுகுவத்தியிலிருந்து எழும் ஆவியில், திரியைத் தொடாமல் சற்றுத் தள்ளி ஒரு தீச்சுடரைக் காட்டினால், நெருப்பு ஆவி வழியாக ஓடித் திரியைப் பற்றிக்கொள்ளும். அவர் காட்டியவற்றில் இதுவும் ஒன்று. வீட்டுக்குப் போய் எந்தப் பிள்ளையும் செய்துபார்த்து அவர் சொன்னது உண்மையா என்று தெரிந்துகொள்ளலாம். பேச்சையும் அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை: உச்சரிப்புக்கும் பேச்சுக்கும் ஆசிரியரிடம் பாடம் கேட்டார், வேகமாகப் பேசும் பழக்கத்தைக் கட்டுப்படுத்த ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். நம் வகுப்புகளில் வருபவை பெரும்பாலும் இந்த முதல் வகையும் இல்லை. தலைப்பிலேயே ‘செய்வது எப்படி’ என்று இருக்கிறது. ‘இதன் முடிவில் நீங்களே செய்ய முடியும்’ என்று தொடக்கத்தில் வாக்குறுதி தரச் சொல்லிக்கொடுப்பதும் ஆசிரியர்கள்தான். கொடுத்த வாக்குறுதியை வைத்து அளப்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

செய்து காட்டுதல் என்ற முறையின் வரலாறும் என் பக்கமே சாய்கிறது. 1903இல் டெக்சாஸின் டெரல் என்ற ஊரில், சீமன் நாப் என்ற வேளாண் அறிஞர், அரசுப் பண்ணையில் காட்டுவதைக் கைவிட்டு, வால்டர் போர்ட்டர் என்ற விவசாயியின் சொந்த நிலத்தில் அவரையே செய்ய வைத்தார். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட ஊரார் பணம் திரட்டி வைத்தார்கள். அரசுப் பண்ணையில் எவ்வளவு விளைந்தாலும் ‘அவர்களுக்குப் பணம் இருக்கிறது, செய்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகும் விவசாயி, பக்கத்து வயல்காரர் கையால் விளைந்ததை அப்படி ஒதுக்க முடியவில்லை. அமெரிக்க வேளாண் விரிவாக்கமும், சிறுவர் சிறுமியர் இன்றும் மேசை போட்டுச் செயல்விளக்கம் தரும் 4-எச் மன்றங்களும் இந்த மரபோடு சேர்ந்து வளர்ந்தவை. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டபோதும் கொள்கை இதேதான்: செயல்விளக்கத் திடல் விவசாயியின் வயலில் இருக்கும். பேச்சு வகுப்பு இந்த முறையின் மேசையையும் பொருட்களையும் எடுத்துக்கொண்டது. வயலை விட்டுவிட்டது.

சரி, ஃபோர்மேன் பயிற்சியை அப்படியே வகுப்பறைக்குத் தூக்கிவந்தால் போதுமா? போதாது. அது ஒருவருக்கு ஒருவர் கற்பிக்கும் முறை. நாற்பது பேர் வகுப்பில் ஏழு நிமிடத்தில் நடக்காது. அதைவிடப் பெரிய குறை, எதிரே நிற்பவருக்கு அந்த வேலை தேவை என்று அது முன்பே எடுத்துக்கொள்கிறது. பட்டறைக்காரருக்குச் சம்பளம் அதில் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் காகிதக் கொக்கு கேட்டு வரவில்லை. அவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் ஒரு தொடக்கம் வேண்டும், அந்தக் கலையைப் பேச்சு வகுப்புதான் கற்றுத்தருகிறது. கேட்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் விசாரிப்பதை இரண்டுமே வலியுறுத்துகின்றன, இரண்டிலும் அவசரத்தில் முதலில் பலியாவதும் அதுதான்.

என் தீர்ப்பு இது. மேடைக் கூச்சத்தைப் போக்கவும், தெரிந்ததைப் பிரித்து அடுக்கவும் பழக்கும் பயிற்சியாகச் செயல்விளக்க உரை தேறுகிறது. வகுப்பில் தரப்படும் மற்ற எந்த உரையையும்விட நன்றாகவே தேறுகிறது. செய்முறையைக் கற்பிக்கும் வழியாக, இன்று நடக்கும் வடிவில், அது தேறவில்லை. பழி மாணவர் மேல் இல்லை. அவர் மதிப்பெண் தாள் கேட்டதைக் கொடுக்கிறார். இதில் உறுத்துவது, வேறு எந்த வகுப்புரைக்கும் இல்லாத ஒரு சோதனை இதற்கு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான். ‘மரம் வளர்ப்போம்’ என்று பேசியவர் வென்றாரா என்று அறிய வருடங்கள் ஆகும். காகிதக் கொக்கு சொல்லிக்கொடுத்தவர் வென்றாரா என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் யாரும் ஒதுக்குவதில்லை.

ஒதுக்கினால் என்னவெல்லாம் மாறும்? பேச்சு முடிந்ததும் ஆசிரியர் வகுப்பிலிருந்து ஒருவரை அழைக்கிறார். யார் என்று முன்பே தெரியாது. பொருட்கள் அவர் கைக்குப் போகின்றன. பேசியவர் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்கிறார். இது நடக்கும் என்று தெரிந்தாலே தலைப்புகள் சுருங்கிவிடும். ஏழு பொருள் வைத்துச் செய்யும் கேக் போய், சட்டைப் பொத்தானை அறுந்து விழாமல் தைப்பது வரும். ‘மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி’ தானாகவே காணாமல் போகும், நல்லது. முன்பே தயாரித்த ஃபிளாஸ்க்குக்கும் இடமிருக்காது.

ஒரு ஆட்சேபம் நிற்கிறது: அழைக்கப்பட்டவர் கை வராதவராக இருந்தால் பேசியவர் ஏன் தண்டனை பெற வேண்டும்? கற்பவருக்கு வரவில்லை என்றால் கற்பிக்கவில்லை என்றே பொருள் என்பது போர்க்காலப் பயிற்சியின் கறாரான நிலைப்பாடு. சம்பளம் வாங்கும் ஃபோர்மேனுக்கு அது சரி, 18 வயது மாணவருக்குக் கொஞ்சம் கடுமை. எனவே வெற்றி தோல்விக்கு மதிப்பெண் வேண்டாம். பேசுவதற்கு முன்பே மாணவர் ஒரு துண்டுத் தாளில், பார்ப்பவரின் கை எந்த இடத்தில் தவறும், ஏன் தவறும் என்று இரண்டு வரி எழுதி ஆசிரியரிடம் கொடுக்கட்டும். அழைக்கப்பட்டவர் உண்மையில் எங்கே தடுமாறினார் என்பதோடு அதை ஒப்பிட்டு, மொத்த மதிப்பெண்ணில் பாதியை அதற்கு வைக்கலாம். டிகாஷன் மாணவி அந்தத் தாளில் ‘அழுத்தும்போது’ என்று எழுதியிருந்தால், அவர் அந்த இடத்தில் நின்று, தட்டை யார் கையிலாவது கொடுத்திருப்பார்.

நாற்பது பேர் வகுப்பில் இதற்கு இரண்டு மூன்று பாடவேளை கூடுதலாகச் செலவாகும். பவர்பாயின்டில் எழுத்து எத்தனை புள்ளி அளவில் இருக்க வேண்டும் என்று நடத்தும் பாடவேளைகளிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம்.